விதைநெல்லில் ஒரு பிடி

வடக்குப் பிரிவில் முப்பத்தொரு வீடுகள். சனிக்கிழமை காலையில் சபைக்குக் காணிக்கையாகப் பிடியரிசி வாங்க நான் போவேன். கூடைக்குள் வெள்ளைத் துணி விரித்திருக்கும். நெற்றிப்பட்டையில் தொங்கவிட்டு முதுகில் சுமப்பேன். முதலில் மேட்டு வீடுகள், பிறகு ஊற்றுப் பக்கம். காலிக் கூடையோடு ஏறி, நிறைந்த கூடையோடு இறங்குவதுதான் முழங்காலுக்கு நல்லது.

ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு மேல் பரணில் ஒரு டப்பா இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், ஒரு பிடி அதில் விழ வேண்டும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எங்கள் மிசோ பெண்களுக்குக் கை தானாகப் போகும். பல வருஷம் வாங்கினால் டப்பாவைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடலாம். புதுப்பெண்ணின் பிடி பெரிது. மாமியார் வந்து தங்கும் வாரம் இன்னும் பெரிது. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாத வாரத்தில் அரிசியில் கல் கிடக்கும்.

அது மூங்கில் பூத்த வருஷம். மூங்கில் காய்த்தது. அதைத் தின்று எலி பெருகியது. அக்டோபரில் அறுவடைக்கு ஆட்கள் கூடையும் அரிவாளுமாகப் போனார்கள். பல காடுகளில் அறுக்க எதுவும் இல்லை. சாங்குமாவின் காட்டில் தாள் மட்டும் நின்றது. கதிர் இருந்த இடமெல்லாம் கத்தரித்த மாதிரி இருந்தது.

சாங்குமாவின் மனைவி பியாக்வேலி. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஸோவிக்கு ஒன்பது வயது. சின்னவள் இன்னும் முதுகில். அடுப்புக்கு மேலே உயரத்தில் கட்டியிருந்த இரண்டு டின் விதைநெல் மட்டும் அவர்களிடம் மிஞ்சியது. அது பியாக்வேலியின் அம்மா ஊர் நெல். அரிசியில் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். எங்கள் ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது.

டிசம்பரில் அரசாங்க அரிசி வந்தது. வெள்ளை அரிசி, புழுங்கின வாடை. அது ஒரு மாதம் ஓடியது. சாங்குமா அடுத்த விதைப்புக்கு ஒரு மலைச்சரிவில் காட்டை வெட்டிக் காயவிட்டான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் சாலை வேலைக்குத் தெற்கே போனான். போகும்போது ஊற்றடியில் என்னைப் பார்த்தான்.

"அக்கா, வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க. மார்ச்சுல காடு எரிக்க வந்துடுவேன்."

"சாப்பாட்டுக்கு?"

"கெழங்கு இருக்கு. காட்டுக்கீரை இருக்கு. விதையை மட்டும் தொடாதேன்னு சொல்லிட்டேன். தொட மாட்டா. அவளை எனக்குத் தெரியும்."

ஜனவரி முதல் ஞாயிறு மூப்பர் தன்ஸோவா ஆராதனை முடிவில் எழுந்து அறிவித்தார். அரிசி பொங்காத வீட்டில் பிடியரிசி எடுக்க வேண்டாம். கடவுள் அடுப்பைப் பார்க்கிறார், டப்பாவைப் பார்க்கவில்லை என்றார். பெண்கள் பக்கத்தில் யாரும் தலை நிமிரவில்லை. பியாக்வேலி எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள். கவிழ்த்தேன். அடியில் ஒட்டிக்கிடந்த வெள்ளை அரிசி கொஞ்சம் விழுந்தது.

"என்ன பியாக்வேலி, இந்த டப்பாவுக்குள்ளயும் எலி வந்துடுச்சா?" என்றேன்.

அன்று காலையில் எட்டு வீட்டில் அதையே சொல்லியிருந்தேன். எட்டு வீட்டிலும் சிரித்தார்கள். ஒருத்தி, "ஆமாக்கா, ரெண்டு கால் எலி, என் வீட்டுக்காரர்" என்றாள். பியாக்வேலி சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி உடுத்திய துணியின் ஓரத்தால் துடைத்தாள்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா."

அடுத்த வாரம் டப்பா விளிம்புவரை இருந்தது. உரலில் குத்திய அரிசி. ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு.

கூடையில் கொட்டிவிட்டுக் கையைக் குவித்து எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "கர்த்தாவே, இந்தக் கையை ஆசீர்வதியும்." அவள் ஆமென் என்றாள். அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அது விதைநெல் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். வழியில் கூடையை இறக்கி ஒரு தரம் பார்த்தேன். திரும்பிப் போகவில்லை. முழங்கால் வலித்தது. ஒருவர் கொடுப்பதை வாங்குகிறவள் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

பிப்ரவரியில் பாதி டப்பாக்கள் காலி. சில வீடுகளில் என் காலடி கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் இருமாமல் கடந்துபோவேன். பியாக்வேலியின் கதவு திறந்தே இருக்கும். டப்பா நிறைந்தே இருக்கும். மகளிர் சங்கக் கூட்டத்தில் ஒரு வாரமும் தவறாத வீடு என்று அவள் பெயரை வாசித்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது.

ஒருநாள் கிழங்கு தோண்ட இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். கிட்டத்துக் காட்டில் கிழங்கு தீர்ந்திருந்தது. ஓடையைத் தாண்டி ஏற வேண்டும். கொடி காய்ந்து அறுந்திருந்தால் கிழங்கு எங்கே என்று தெரியாது. கடப்பாரையால் இடுப்பளவு தோண்டினால் கை கனத்தில் ஒன்று கிடைக்கும். மத்தியானம்வரை தோண்டினோம். அவள் தோண்டுவாள், நான் மண் அள்ளுவேன். பிறகு நான், அவள். சின்னவள் அவள் முதுகில் தூங்கினாள்.

"இதைப் புள்ளைங்களுக்கு எப்படிப் பண்ணித் தர்றே?" என்று கேட்டேன்.

"சாம்பல்ல ஊறவச்சு, ரெண்டு தண்ணி மாத்தி வேகவச்சு. இல்லேன்னா தொண்டை அரிக்குது. ஸோவிக்கு உதடு வீங்கிடுச்சு போன வாரம்."

"உப்பு இருக்கா?"

"உப்பு இருக்கு. மிளகா இருக்கு. தவிடு கொஞ்சம் தூவிக்கறேன். வாசனையா இருக்குன்னு திங்குதுங்க."

"தவிடு ஏது?"

கடப்பாரையை மண்ணில் ஊன்றி நின்றாள். மூச்சு வாங்கினாள்.

"குத்துறேன்ல. அரிசி கர்த்தருக்கு. தவிடு நமக்கு."

"மூப்பர் சொன்னது கேட்டேல்ல? வேண்டாம்னுதானே சொன்னாரு."

"கேட்டேன்."

"அப்புறம்?"

"அவரு ஆம்பள. அவர் வீட்டுப் பரண்ல டப்பா இருக்கறது அவருக்குத் தெரியுமோ என்னமோ." சிரிக்க முயன்றாள். "நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து ஒரு வேளை விட்டதில்லக்கா. ஸோவி பொறந்த அன்னிக்கு வலி எடுத்தப்பவும் போட்டுட்டுத்தான் படுத்தேன். இப்ப பசிக்குதுன்னு விட்டா, இத்தனை நாள் வயிறு நெறஞ்சதாலதான் போட்டேன்னு ஆயிடாதா?"

"சாங்குமா என்ன சொல்லுவான்?" என்றேன்.

"திங்காதேன்னான். நான் திங்கல."

மறுபடி தோண்டினாள். அன்றைக்கு இரண்டு கிழங்கு கிடைத்தது. பெரியதை என் கூடையில் போட்டாள். நான் எடுத்து அவள் கூடையில் போட்டேன். அவள் மறுபடி எடுத்தாள். மூன்றாம் தரம் சண்டை பிடிக்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அது என் கூடையிலேயே வந்தது.

மார்ச் நடுவில் சாங்குமா வந்தான். அது ஒரு சனிக்கிழமை. நான் கூடையோடு படியேறியபோது உள்ளே சத்தம் இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. நான்கு மாதம் பட்டினி கிடந்தவன் மாதிரி இளைத்துப்போய் அவன் அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். போய் இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் ஒரு மூட்டை அரிசி, இலையில் சுற்றிய கருவாடு, பிள்ளைகளுக்கு இரண்டு ரப்பர் செருப்பு. ஸோவி செருப்பைக் கையில் போட்டுக்கொண்டு மூலையில் நின்றாள். விதை டின்கள் இரண்டும் தரையில் இறங்கியிருந்தன. ஒன்று காலி. மற்றதில் இரண்டு விரல் குறைவு.

"வாங்க தாங்கி அக்கா. உக்காருங்க," என்றான். "எங்க வீட்ல ஒரு எலி இருக்கு. வாலும் இல்ல, குட்டியும் போடல. உரல்ல குத்தித்தான் திங்குது."

"நான் ஒரு மணி திங்கல," என்றாள் பியாக்வேலி.

"அதான் சொல்றேன். தின்னிருந்தா நான் ஏன் பேசப்போறேன்? புள்ளைங்களுக்குப் பொங்கிப் போட்டிருந்தா, சரி, பசிச்சுது, பொங்கினேன்னு சொல்லியிருந்தா, உன் கால்ல விழுந்திருப்பேன். அதுங்க கையைப் பாரு. கரண்டிக் காம்பு மாதிரி இருக்கு. பக்கத்துல நெல்லு இருக்கு. அம்மா குத்துறா. அதுங்க பாத்துக்கிட்டு நிக்குதுங்க. குத்தி எங்க போடறா? டப்பால."

"தவிடு குடுத்தேன்."

"தவிடு குடுத்தாளாம்."

"சத்தம் போடாதே. சின்னவ தூங்கறா."

"நான் எங்க சத்தம் போட்டேன்? சத்தம் போட முடியலடி. ஒன்றரை நாளு லாரி மேல உக்காந்து வந்திருக்கேன்." முகத்தைத் தேய்த்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் பக்கம் வைத்தான். "அக்கா, இதைப் பாருங்க. என் கூலில பத்துல ஒண்ணு. கூலி வாங்கின எடத்துலயே பிரிச்சு வச்சுட்டேன். அரிசி அப்புறம்தான் வாங்கினேன். எனக்கும் கர்த்தரைத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியும்னு இல்ல."

"முதல்ல அவருக்குன்னா, விதைதானே முதல்?" என்றாள் அவள். கேட்கிறாளா சொல்கிறாளா என்று தெரியவில்லை.

"விளைஞ்சதுல முதல்டி. விதைக்கறதுல இல்ல. விதை அவரே நம்மகிட்ட குடுத்து வச்சது. அதைத் திருப்பி அவர்கிட்டயே குடுத்தா, 'எனக்கு உன் வேலை வேண்டாம்'னு சொல்ற மாதிரி. இல்லியாக்கா? நீங்க சொல்லுங்க."

கூடையை இறக்கி வைத்தேன்.

"அவமேல தப்பில்ல சாங்குமா. நான்தான் ஒண்ணு சொல்லிட்டேன்."

"அக்கா, விடுங்க," என்றாள் பியாக்வேலி வேகமாக.

"சொல்லிடறேன். டப்பால அரிசி கொறஞ்ச அன்னிக்கு, எலி வந்துடுச்சான்னு கேட்டேன். வெளையாட்டுக்கு. எல்லா வீட்லயும் கேட்டேன். அடுத்த வாரத்துலேருந்துதான் இவ நெறச்சா. சபை கேக்கல. நான் கேட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பாத்து எனக்கு அன்னிக்கே தெரிஞ்சும் போச்சு. வாரா வாரம் வாங்கிட்டும் போனேன்."

அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று இருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி," என்றான். "எங்க வீட்டு எலிக்கு ஒரு ஜோடி இருந்திருக்கு."

ஸோவி சிரித்துவிட்டாள். செருப்புப் போட்ட கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு அவன் கொண்டுவந்த மூட்டையைப் பிரித்து உலை வைத்தார்கள். பியாக்வேலி அரிசியை அளந்தாள். கை மேலே பரணுக்குப் போகும்போது நடுவில் நின்றது. அவள் அவனைப் பார்த்தாள்.

"போடு," என்றான். "இது அரிசி. இதுல போடு."

நான் மூப்பர் தன்ஸோவாவிடம் போனேன். அவர் கூரைத் தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டார். முழுவதும் சொன்னேன்.

"அரிசி எங்க இருக்கு இப்ப?"

"போன மாசம் ஏலம் போச்சு. பாதி பள்ளிக்கூட ஹாஸ்டலுக்குப் போச்சு. இருந்தாலும் குத்தின அரிசி. மண்ணுல போட்டா மொளைக்குமா?"

"அப்ப என்ன கேக்கறே?"

"சபைலேருந்து ஏதாவது."

தார்ப் பிரஷ்ஷைத் தட்டினார். "குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா அவ அப்புறம் எப்படிக் கோயில்ல வந்து உக்காருவா? ஊரே அவளைப் பாக்கும். வேண்டாம். வேற ஏதாவது யோசி." இரண்டு படி இறங்கினார். "எங்க வீட்டு டப்பாவும் காலியாத்தான் இருக்கா?"

"ஜனவரிலேருந்து."

"எனக்குத் தெரியாது," என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் எல்லா வீட்டிலும் ஒன்றுதான் கேட்டேன். "இந்த வாரம் அரிசி வேண்டாம். விதைநெல்லு ஒரு பிடி குடுங்க." யாருக்கு என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் தும்மினால் ஊற்றடியில் மருந்து சொல்வார்கள்.

கதவைச் சாத்தியவர்களும் திறந்தார்கள். விதை அவர்களிடமும் கம்மிதான். ஒருத்தி பிடியை எடுத்து, யோசித்து, பாதியை உதிர்த்து, பிறகு உதிர்த்ததையும் அள்ளிப் போட்டாள். கடைக்கார டெங்காவின் மனைவி இரண்டு பிடி போட்டு, "அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். கடை வாசலில் டெங்கா தானே ஒரு பிடி கொண்டுவந்து, "உள்ள சொல்லாதீங்க" என்றான். முப்பது வீடு. கடைசியில் என் வீட்டுக்கு ஏறி என் விதையிலிருந்து ஒரு டின்னில் கால்பங்கு கொட்டினேன். அது பிடி இல்லை. அபராதம்.

கூடையை பியாக்வேலி முன்னால் இறக்கினேன். எட்டிப் பார்த்தாள். தொடவில்லை.

"என்னக்கா இது?"

"நெல்லு. விதைக்கறதுக்கு."

"இது பிடியரிசிக் கூடை."

"ஆமா."

"வெள்ளைத் துணி போட்டு வாங்கியிருக்கீங்க."

"வேற கூடை எனக்கு ஏது?"

"ஜெபம் பண்ணீங்களா? ஒவ்வொரு வீட்லயும்?"

நான் நினைத்துப் பார்த்தேன். பண்ணியிருந்தேன். முப்பது வீட்டிலும் கையைக் குவித்து, வாய் தானாகச் சொல்லியிருந்தது.

"அப்ப இது அவரோடது," என்றாள். "நான் எப்படி எடுப்பேன்?"

உள்ளே மண்வெட்டிக்குக் காம்பு சீவிக்கொண்டிருந்த சாங்குமா கத்தியைக் கீழே வைத்தான். "கேட்டீங்களாக்கா? இதோடதான் நான் பத்து வருஷமா குடும்பம் நடத்தறேன். அவர் பங்கைத் தொட மாட்டா. நம்ம பங்கைத் தூக்கிக் குடுத்துடுவா. நடுவுல நான் காம்பு சீவறேன்."

"நீயே சொல்லு. நான் சொல்றது தப்பா?" என்றாள் அவள்.

அவன் கூடையைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். "தப்பில்ல," என்றான். அலுப்போடு சொன்னான். "கோயிலுக்கே கொண்டு போங்கக்கா."

கொண்டுபோனேன். மூப்பர் கூடைக்குள் பார்த்து, என்னைப் பார்த்து, "முட்டாள் பொம்பள. வீட்ல ஒரு பானைகூட இல்லியா உனக்கு?" என்றார். பிறகு, காணிக்கையாக வந்த பொருள் ஏலம்தான் போக வேண்டும் என்றார். வழக்கம் அதுதான். புதன்கிழமை காலை கோயில் முற்றத்தில் ஏலம் என்று பலகையில் எழுதினார்.

ஏலத்துக்கு வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள். அன்றைக்கு முற்றம் நிறைந்திருந்தது. காடு எரித்த புகை இன்னும் மலைகளில் தொங்கியது. எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. முதலில் ஒரு சேவல் போனது. அதற்கு டெங்காவும் இன்னொருவனும் அடித்துக்கொண்டார்கள். பூசணிக்காய்கள் போயின. பிறகு மூப்பர் என் கூடையை முன்னால் இழுத்தார்.

"நெல்லு. ஒரு கூடை. கேளுங்க."

சாங்குமா பின்னால் நின்றான். பியாக்வேலி வரவில்லை.

"அஞ்சு ரூபா," என்றான்.

அஞ்சு ரூபாய்க்கு அந்த வருஷம் ஒரு பிடி நெல்கூட வராது. டெங்கா தொண்டையைச் செருமினான். ஏலத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"பத்து வகை நெல்லு கலந்து கெடக்கு," என்றான் டெங்கா. "ஒண்ணு ஆகஸ்டுல வரும், ஒண்ணு நவம்பர்ல வரும். எவன் வாங்குவான் இதை? அஞ்சு ரூபாயே அதிகம்."

"இருவது!" என்று ஒரு குரல் வந்தது.

புதிதாக மாற்றலாகி வந்த பள்ளிக்கூட வாத்தியார். கோழி வளர்க்கிறவர். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சும்மா பார்த்தார்கள். அவர் முகம் மாறியது. பக்கத்தில் இருந்த கிழவர் அவர் சட்டையைப் பிடித்து மெதுவாகக் கீழே உட்காரவைத்தார்.

"ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்றார் மூப்பர். "எனக்கு இந்தப் பக்கம் காது மந்தம்."

"ஒண்ணும் கேக்கல," என்றான் டெங்கா.

"அஞ்சு ரூபா ஒரு தரம். ரெண்டு தரம்." சாங்குமாவைப் பார்க்காமல் மரப்பலகையில் தட்டினார். "மூணு தரம்."

சாங்குமா வந்து காசைக் கொடுத்தான். நெல்லைத் தன் கோணியில் கொட்டிக்கொண்டான். துணியை உதறி, நான்காக மடித்து, காலிக் கூடைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தான். "இது வேற வேலைக்கு வேண்டாம்கா," என்றான். அவ்வளவுதான் அவன் என்னிடம் சொன்னது.

ஏப்ரல் கடைசியில் மழை விழுந்தது. அவர்களோடு நானும் விதைக்கப் போனேன். சாம்பல் ஈரமாகிக் காலில் அப்பியது. சரிவில் வரிசையாக நின்று, சின்னக் களைக்கொட்டால் ஒரு கொத்து, நாலு மணி, கால் பெருவிரலால் மண். நாள் முழுக்க முதுகு நிமிரவில்லை. தன் சிவப்புக்கோட்டு நெல்லை பியாக்வேலி மேல்பாதியில் தனியாகப் போட்டாள். ஊர் நெல் கீழ்பாதிக்கு.

"இது மொளைச்சு வந்தா சந்தைக்கூட்டம் மாதிரி இருக்கும்," என்றான் சாங்குமா. "ஒருத்தன் இடுப்பளவு, ஒருத்தன் முட்டியளவு. மூணு மாசம் நான் குருவி விரட்டணும். தாங்கி அக்கா நெல்லு மட்டும் எதுன்னு பாத்தாலே தெரியும். வாய் பெருசா இருக்கும்."

"விதைடா பேசாம," என்றேன்.

பியாக்வேலி சிரித்தாள். குனிந்தபடியே சிரித்தாள்.

ஜூன் மாதம் மழை விடவில்லை. சாங்குமா கொண்டுவந்த அரிசி தீர்ந்திருந்தது. சாலை சரிந்து லாரி வரவில்லை. ஊரில் பாதி அடுப்பில் மறுபடியும் கிழங்கு.

சனிக்கிழமை குடை பிடித்துக்கொண்டு அவள் வீட்டுப் படியேறினேன். கதவு சாத்தியிருந்தால் கடந்துபோக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். திறந்திருந்தது. சாங்குமா களைபறிக்கப் போயிருந்தான். பியாக்வேலி கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கியது. உள்ளே நெல் என்று தெரியும். முளைக்காத குழிகளுக்கு மறுவிதைப்பு போட நாலைந்து பிடி எல்லோரும் வைத்திருப்போம். பக்கத்தில் உரல் இருந்தது. நான் குடுக்கையைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். உரல் காய்ந்திருந்தது. சிலந்தி வலை கட்டியிருந்தது.

"உக்காருங்கக்கா. டீ இருக்கு. வெல்லம் இல்ல."

"இருக்கட்டும். நனைஞ்சிருக்கேன். அஞ்சு வீடு பாக்கி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பரணிலிருந்து டப்பாவை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு கையாலும் நீட்டிவிட்டாள்.

"இந்த வாரம் சோறு பொங்கலக்கா," என்றாள்.

டப்பாவை வாங்கினேன். கனம் இல்லை. உள்ளே துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள். கூடையை இறக்கி, துணியை விரித்து, எப்போதும் போல அதற்குமேல் கவிழ்த்தேன். தட்டினேன். ஒன்றும் விழவில்லை. இரண்டு பேரும் துணியைப் பார்த்தோம். தகரத்தில் மழை இரைந்தது.

கையைக் குவித்தேன். "கர்த்தாவே, இந்தக் கையை ஆசீர்வதியும்."

"ஆமென்," என்றாள் பியாக்வேலி. டப்பாவை வாங்கிப் பரணில் பழைய இடத்தில் வைத்தாள்.